நாற்பத்தேழு துண்டுகளும் ஒரு பிஸ்கட் டப்பாவும்

1991-ஆம் ஆண்டு மழைக்காலத்தில், தினமும் காலைச் சாப்பாடு முடிந்ததும் என் அக்கா தன் கணவரை வாயைத் திறந்து காட்டச் சொல்வாள்.

"ஆ காட்டு."

"காட்டிகினுதான் கீறேன்."

"நாக்க தூக்கு."

"அப்டியே பல்லையும் எண்ணிக்கோ. சந்தையில மாட்ட அப்டித்தான் பாப்பாங்க."

"மாடா இருந்தா எப்பவோ வித்திருப்பேன்."

இதை அவர்கள் விளையாட்டுபோலச் செய்தார்கள். ஆனால் அக்கா நாக்குக்கு அடியில் உண்மையிலேயே பார்த்தாள். கன்னத்தின் உட்புறத்தையும் பார்த்தாள். மாமா கேப்சூலை விழுங்குகிறாரா, ஒளித்துவைத்துப் பிறகு துப்பிவிடுகிறாரா என்பது அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

மாமாவுக்கு ரத்தப் புற்றுநோய். மெதுவாக வளரும் வகை என்று காஞ்சிபுரத்தில் அவரைப் பார்த்த மருத்துவர் சொல்லியிருந்தார். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகும். மண்ணீரல் வீங்கி, இடது விலாவுக்குக் கீழே கல்லைக் கட்டிவைத்ததுபோல் இருக்கும். தினம் விழுங்கக் கேப்சூல் கொடுத்தார்கள். அது வேலை செய்தது. எவ்வளவு வேலை செய்தது என்பதை நான் அவருடைய பெல்ட்டில் பார்த்தேன். வீக்கம் வடிய வடிய, மாமா பெல்ட்டில் ஆணியால் புதிய ஓட்டை போட்டுக்கொண்டே வந்தார். ஒன்றரை வருடத்தில் மூன்று ஓட்டைகள். அந்த ஆவணியில் கடைசி ஓட்டையை விட்டுவிட்டு முந்தைய ஓட்டைக்குப் போனார். அடுத்த மாதம் அதற்கும் முந்தையதற்கு. ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. அணுக்கள் மறுபடி ஏறிக்கொண்டிருந்தன.

நான் மண்ணூரில் அவர்கள் வீட்டில் தங்கி, மெட்ராஸில் ஒரு மாலைப் பத்திரிகையில் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். எனக்குப் பக்கம் ஒட்டும் மேசை. அச்சடித்து வரும் செய்திகளைப் பிளேடால் வெட்டி, பக்க அளவு அட்டையில் ரப்பர் சொல்யூஷன் தடவி ஒட்டும் வேலை. விடியற்காலை பஸ் பிடித்தால் பகல் ஒரு மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிடும். அக்கா வேலை பார்த்தது ஊர் பால் சொசைட்டியில். கறந்து வரும் பாலின் மாதிரியை எடுத்துக் கொழுப்பு பார்ப்பவள். தண்ணீர் கலந்துவிட்டு, கலக்கவே இல்லை என்று சத்தியம் செய்கிறவர்களைத் தினம் இரண்டு வேளை பார்த்தவள். கணவர் சொல்வதையும் அப்படித்தான் கேட்டாள்.

மாமா பெங்களூர் ரோட்டோரம் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். அப்போது அந்த ரோட்டில் தொழிற்சாலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரகடம் பக்கம் போனால் ஏரியும் கல்குவாரியும்தான். அவருடைய தொழிற்சாலையில் ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு முறை இரும்பை உருக்கி ஊற்றுவதையும் அவர்கள் ஹீட் என்பார்கள். ஒவ்வொரு ஹீட்டிலும் ஒரு சிறு துண்டைத் தனியாக வார்த்து, தேதியும் ஷிப்ட்டும் எழுதிய சீட்டைக் கம்பியால் கட்டி அலமாரியில் வைத்துவிடுவார்கள். பின்னால் எங்காவது ஒரு வார்ப்பு உடைந்து திரும்பி வந்தால், அந்தத் துண்டை எடுத்துச் சோதிப்பார்கள். தப்பு இரும்பிலா, அதை மாட்டியவன் கையிலா என்று தெரிந்துவிடும்.

மாமா தன் நோய்க்கும் இதையே செய்திருந்தார். முதல் நாளிலிருந்து, கேப்சூல் காலியான ஒவ்வொரு அட்டையையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைத்தார். ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் ஓட்டை போட்டு மெல்லிய கம்பியால் சீட்டு கட்டியிருந்தது. சீட்டில் தேதிகள், எந்த நாள் எந்த ஷிப்ட், மாத்திரை அட்டையில் அச்சாகியிருக்கும் பேட்ச் எண். அணுக்கள் ஏறுகின்றன என்று தெரிந்த அன்று டப்பாவைக் கொண்டுவந்து அக்கா முன்னால் கவிழ்த்தார்.

"பாத்துக்கோ. ஒண்ணு வுட்டிருந்தா கேளு."

அக்கா ஒரு அட்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "இது மாத்தர அட்டயில இல்லன்னு சொல்லுது. உன் வயித்துக்குள்ள போச்சுன்னு எங்க சொல்லுது?"

மாமா அட்டைகளைத் திரும்ப டப்பாவில் அடுக்கினார்.

மாமாவுக்கு வேறொரு சந்தேகம் இருந்தது. ஆடிக்குப் பிறகு வந்த அட்டைகளில் பேட்ச் எண் மாறியிருந்தது. "மச்சான், லாட் சரியில்ல. என் லைன்ல இந்த மாதிரி வந்தா மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பிடுவேன்" என்றார். நான் மருந்துக்கடையில் கேட்டேன். அதே பேட்ச் வேறு ஒருவருக்கும் போவதாகவும் அவர் நன்றாக இருப்பதாகவும் சொன்னார்கள். மாமா நம்பவில்லை. அக்கா இரண்டு பேரையும் நம்பவில்லை. நைட் ஷிப்ட் வாரங்களில் மாத்திரை தின்றால் குமட்டுகிறது என்று அவர் எப்போதோ ஒருமுறை சொன்னது அவளுக்கு நினைவிருந்தது.

மருத்துவர் எங்கள் மூவரையும் உட்காரவைத்துப் பேசினார். "மருந்து உள்ள போகலையா, உள்ள போயும் கேக்கலையா, இதுதான் கேள்வி. செல்லோட குரோமோசோமைப் பார்த்தா ஓரளவு தெரியும். மெட்ராஸ்ல ஒரு அம்மா இதையே ஆராய்ச்சி பண்றாங்க. நாளைக்கு வாங்க, எலும்பு மஜ்ஜை எடுத்துத் தரேன். எடுத்த அன்னிக்கே கொண்டுபோய்ச் சேர்த்துடுங்க. பத்திரம்."

பத்திரம் என்ற சொல்லை அக்கா தன் தொழிலின் வழியாகப் புரிந்துகொண்டாள். பால் மாதிரி கெடாமல் இருக்க வேண்டுமென்றால் குளிர்ச்சியில் இருக்க வேண்டும். மறுநாள் அவள் வாய் அகன்ற ஃபிளாஸ்க்கில் உடைத்த ஐஸை நிரப்பிக் கொண்டுவந்திருந்தாள். குளிர்ச்சி கூடட்டும் என்று கல்லுப்பும் போட்டிருந்தாள். மாமாவின் இடுப்பு எலும்பில் தடித்த ஊசியை இறக்கி எடுத்த மஜ்ஜை, விரல் நீளக் குழாயில் வந்தது. அதை அவளே ஐஸுக்குள் ஆழப் புதைத்து மூடியைத் திருகினாள். நான் ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு மெட்ராஸ் பஸ்ஸில் உட்கார்ந்தேன். இரண்டரை மணி நேரம் அதை ஆட்டாமல் வைத்திருந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, அதை எங்கே வைத்தோம் என்று மேசையில் தேடுகிற வழக்கம் அவருக்கு. எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் என்றேன். அந்த வருடம் மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் யாரும் அடுத்த கேள்வியை நம்மைப் பற்றிக் கேட்பதில்லை. அவரும் அன்று எங்கே இருந்தீர்கள் என்றுதான் கேட்டார். கேட்டுக்கொண்டே ஃபிளாஸ்க்கைத் திறந்தவர் நிறுத்திக்கொண்டார். குழாயை எடுத்துச் சாய்த்தார். உள்ளே இருந்தது நகரவில்லை. உறைந்திருந்தது.

"யார் ஐஸ்ல வெச்சது?"

"எங்க அக்கா. பால் சொசைட்டில வேல செய்றாங்க."

அவர் கோபப்படவில்லை. "பால் செத்த பொருள். இது உயிரோட வரணும். செல் ரெண்டா பிரியற நேரத்துல மட்டும்தான் குரோமோசோம் கண்ணுக்குத் தெரியும். மத்த நேரம் நூல்கண்டு பிரிஞ்ச மாதிரி கிடக்கும், ஒண்ணும் புரியாது. செத்த செல் எங்க பிரியும்? அடுத்த தடவ சட்டைப் பாக்கெட்ல போட்டு எடுத்துட்டு வாங்க. உடம்புச் சூடே போதும்."

மாமாவுக்கு மறுபடியும் ஊசி குத்த வேண்டியிருந்தது. இதை நான் வீட்டில் சொன்னபோது அக்கா அடுப்பை அணைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். மாமாதான் அவளுக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தார்.

"வுடு. ஒரே எடத்துல ரெண்டு தபா போர் போட்டாத்தான் தண்ணி வரும்."

இரண்டாவது முறை குழாயைப் பஞ்சில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்து, வழிநெடுக அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு போனேன். பூந்தமல்லி தாண்டியதும் கண்டக்டர் குனிந்து, "இன்னா சார், நெஞ்சு வலியா? வண்டிய ஆஸ்பத்திரிக்கு வுடவா?" என்று கேட்டார். இல்லை, பத்திரமான பொருள் என்றேன். அதன்பிறகு என் பக்கத்து சீட்டுக்காரர் நான் இறங்கும்வரை என் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பத்து நாள் கழித்து வரச் சொல்லியிருந்தார்கள். நான் ஏழாம் நாளே போனேன். வேலை முடிந்து நேராகப் போய், உங்கள் வேலையைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்டேன். மாமாவுக்காகப் போனேன் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. குரோமோசோமை எப்படிப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

நான் பெரிய இயந்திரம் ஒன்றை எதிர்பார்த்திருந்தேன். மேசையில் இருந்தவை நகம் வெட்டும் வளைந்த கத்தரிக்கோல், ஒரு பசைப் புட்டி, வெள்ளை அட்டை. நுண்ணோக்கியில் எடுத்த படத்தைப் பெரிதாக அச்சிட்டு, அதில் புழுக்கள்போல் சிதறிக் கிடக்கும் குரோமோசோம்களை ஒவ்வொன்றாக வெட்டி, உயரப்படி ஜோடி சேர்த்து அட்டையில் ஒட்டுகிறார். அவ்வளவுதான். என் வேலை. என் மேசையில் இருப்பதைவிடக் கத்தரிக்கோல் சிறியது, அது ஒன்றுதான் வித்தியாசம்.

நான் பக்கம் ஒட்டுபவன் என்று சொன்னதும் அவர் சிரித்தார். "அப்ப உட்காருங்க. இது கூடுதல் பிரிண்ட், கெட்டாலும் பரவாயில்ல. உங்க மாமாவோடதுதான்."

வெட்டினேன். ஒவ்வொரு துண்டிலும் கறுப்பும் சாம்பலுமாகக் குறுக்கு வரிகள் இருந்தன. அந்த வரிகளைப் பார்த்துத்தான் எது எதற்கு ஜோடி என்று சேர்க்க வேண்டும். மனிதருக்கு நாற்பத்தாறு, இருபத்து மூன்று ஜோடி என்று அவர் சொல்லியிருந்தார். மாமாவின் நோயில் ஒன்பதாவதின் வாலும் இருபத்திரண்டாவதின் வாலும் இடம் மாறிக்கொள்ளும். அதனால் ஒரு இருபத்திரண்டு மட்டும் குட்டையாகிவிடும். அந்தக் குட்டையானதுதான் நோயின் அடையாளம்.

எனக்கு அது உடனே புரிந்தது. எங்கள் மேசையில் ஒருமுறை கல்யாணச் செய்தியின் கடைசிப் பத்தியை லாரி விபத்தின் கீழேயும், விபத்தின் கடைசிப் பத்தியைக் கல்யாணத்தின் கீழேயும் ஒட்டிவிட்டோம். இரண்டு செய்தியிலும் ஓர் எழுத்தும் குறையவில்லை. ஆனால் மணமக்கள் ஆபத்தான நிலையில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள் என்று பத்திரிகை வந்தது. இதைச் சொன்னபோது அவர், "கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனா உங்க பத்திரிகை மறுநாள் திருத்தம் போட்டுடும். இந்த செல் அதே தப்போட தன்னையே அச்சடிச்சிக்கிட்டே போகும்" என்றார்.

எல்லாவற்றையும் ஒட்டி முடித்தபோது என்னிடம் ஒரு துண்டு மிச்சம் இருந்தது.

பத்திரிகையில் துண்டு மிஞ்சினால் முதலில் நம் எண்ணிக்கையைத்தான் சந்தேகப்பட வேண்டும். மறுபடி எண்ணினேன். நாற்பத்தேழு. வரிகளை வைத்து அதற்கு இடம் தேடினேன். அது போய் உட்காரக்கூடிய ஒரே இடம் இருபத்திரண்டாவது. அங்கே ஏற்கெனவே ஒரு சரியானதும் ஒரு குட்டையானதும் இருந்தன. இது இன்னொரு குட்டை.

"பக்கத்து செல்லோடது ஒண்ணு வந்து இதுல விழுந்திருக்குமா?"

"நல்ல கேள்வி. நானும் முதல்ல அதைத்தான் கேட்டுக்குவேன்." அவர் ஒரு கோப்பைத் திறந்து அட்டைகளை என் முன்னால் வரிசையாக வைத்தார். எல்லாம் மாமாவின் செல்கள். சிலவற்றில் நாற்பத்தாறு. பலவற்றில் நாற்பத்தேழு. அவற்றிலெல்லாம் இரண்டு குட்டைகள். "ஒரு செல்லுல இருந்தா தற்செயல். இத்தனைல இருந்தா, அது அந்த வம்சம்."

வம்சம் என்ற சொல்லை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். பிறகு விளக்கினார். தொடக்கத்தில் எல்லாக் கெட்ட செல்லிலும் ஒரே ஒரு குட்டைதான் இருந்திருக்கும். ஏதோ ஒரு செல் பிரியும்போது பிசகி, அதற்கு இரண்டு கிடைத்திருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்றுகொண்டே வந்தது. இதைக் கொல்லவில்லை. இடம் காலியானது. இது பெருகியது.

"அப்ப மருந்து சாப்பிட்டதால வந்ததா?"

"அப்படி நான் சொல்லல. மருந்து இல்லாம விட்டாலும் ஒருநாள் இது வரும். மருந்து இருக்கும்போது எது பிழைக்குதோ, அதத்தான் நாம பாக்கறோம். ரெண்டாவது குட்டை வந்தவங்களுக்கு மருந்து கேக்காம போறதை அடிக்கடி பாக்கறோம். அதுதான் காரணமா, இல்ல வேற ஏதோ காரணத்துக்கு இது வெறும் அடையாளமா, எனக்கே தெரியாது. அதுக்குத்தான் இத்தனை வெட்டறேன்." தலைமேல் இருந்த கண்ணாடியைத் தேடி எடுத்தார். "ஒரு தொல்லை இருக்கு. மருந்து கேக்கலன்னு வரவங்கள்ல பாதிப் பேர் ஒழுங்கா சாப்பிட்டாங்களான்னே தெரியறதில்ல. கேட்டா எல்லாரும் சாப்பிட்டேன்னுதான் சொல்வாங்க. எதை எந்தக் கணக்குல சேக்கறது?"

நான் பிஸ்கட் டப்பாவைப் பற்றிச் சொன்னேன். சீட்டு, கம்பி, தேதி, ஷிப்ட், பேட்ச். அக்கா நாக்குக்கு அடியில் பார்ப்பதையும் சொன்னேன்.

அவர் வெட்டுவதை நிறுத்திவிட்டார். "தினமுமா பாக்கறாங்க?"

"ரெண்டு மாசமா. தினமும்."

"அதுக்கப்புறமும் கவுன்ட் ஏறிச்சு?"

"ஏறிச்சு."

"அந்த டப்பாவ எனக்குத் தருவாரா?"

அன்று மாலை மண்ணூருக்கு மழையில் போய்ச் சேர்ந்தேன். மாமா ஷிப்ட் முடிந்து வந்திருந்தார். அக்கா சாயங்காலப் பாலை அளந்துவிட்டு வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தாள். நான் கேட்டு வாங்கிவந்த, நானே ஒட்டிய அட்டையை மேசைமேல் வைத்து, அங்கே பார்த்ததைப் பார்த்த வரிசையிலேயே சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. கடைசியாக, மருந்து உள்ளே போயிருக்கிறது, செல்தான் மாறியிருக்கிறது என்றேன்.

மாமா அட்டையை விளக்குக்குக் கீழே கொண்டுபோனார். வார்ப்பில் விரிசல் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டு, விரல் நகத்தால் கடைசி வரிசையைத் தொட்டார். "இதுவா? இம்மாத்தூண்டா?" என்றார். பிறகு, "அப்ப லாட்டு மேல தப்பில்ல" என்றார். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்ததைச் சொல்லத்தான் வேண்டும். இரண்டு மாதமாக வாயைத் திறந்து காட்டியவர் அவர்.

அக்கா துண்டைத் தோளில் போட்டபடி நின்றிருந்தாள்.

"அப்ப இந்த ஆளு பொய் சொல்லல."

"இல்லக்கா."

"ஒரு நாளும் வுடல."

"வுடல."

அவள் மாமாவைப் பார்த்தாள். "வுட்டிருக்கக் கூடாதா நீ?" என்றாள். "ரெண்டு நாளு துப்பியிருந்தன்னு வெச்சிக்கோ, இன்னிக்கி உன்ன நாலு வார்த்த கேட்டுட்டு, நாளையிலேர்ந்து ஒழுங்கா குடுத்திருப்பேனே. சரியாப் பூடுமேன்னுதான நான் தெனமும் பாத்தேன்."

அவள் எதைத் தேடி நாக்குக்கு அடியில் பார்த்தாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் ஏமாற்றுகிறார் என்பதற்கு ஓர் அத்தாட்சி கிடைத்துவிட வேண்டும் என்றுதான் அவள் அத்தனை நாளும் தேடியிருக்கிறாள். ஏமாற்றியிருந்தால் வழி இருந்தது.

மாமா அட்டையைக் கீழே வைத்தார். "நான் இன்னா பண்றது? எனக்கு ஒழுங்கா சாப்ட்டுத்தான் பழக்கம்" என்றார்.

அடுத்த வாரம் அவரே டப்பாவை மெட்ராஸுக்குக் கொண்டுவந்தார். ஆராய்ச்சிக்கூடத்து அம்மாவின் மேசையில் அட்டைகளைத் தேதி வரிசையில் பரப்பி, ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளை அவற்றுக்குப் பக்கத்தில் வைத்து, ஓரிடத்தில் விரலை ஊன்றினார். "இந்த அட்ட வரிக்கும் வேல செஞ்சிருக்குது மேடம். இதுக்கு அப்பால அந்தக் குட்ட ஆளுங்க உள்ள பூந்துட்டானுங்க. இன்னும் எட்டு மாசம் முன்னால ஒரு துண்டு எடுத்து வெச்சிருந்தா, எந்த ஹீட்ல வந்தான்னு கண்டுபிடிச்சிருக்கலாம். யாரும் எடுத்து வெக்கல." அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. தன் தொழிற்சாலை வழக்கம் இங்கேயும் இருந்திருக்கலாமே என்ற தொழில்காரரின் யோசனையாகத்தான் சொன்னார். அந்த அம்மா அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். இப்போதெல்லாம் இந்த நோய்க்காரர்களிடம் அவ்வப்போது மாதிரி எடுத்துப் பார்க்கிறார்கள் என்று பின்னால் ஒரு மருத்துவச் செய்தியைத் திருத்தும்போது படித்தேன். மாமா சொல்லித்தான் அது வந்தது என்று நான் எண்ணவில்லை. ஆனால் அவர் விரலை ஊன்றிய இடம் நினைவுக்கு வந்தது.

காஞ்சிபுரம் மருத்துவர் மருந்தை மாற்றினார். இது எவ்வளவு நாள் கேட்கும் என்று சொல்ல முடியாது என்பதையும் சொல்லியே கொடுத்தார். மாமா அடுத்த பொங்கலுக்கு இருந்தார். அதற்கடுத்த பொங்கலுக்கு இல்லை.

புது மருந்தின் முதல் நாள் காலையில் நான் வேலைக்குப் போகவில்லை. மாமா இட்லி தின்று முடித்தார். அக்கா மாத்திரையையும் தண்ணீரையும் அவர் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அவர் விழுங்கினார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பினார். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"இன்னா, இன்னிக்கி பாக்கலியா?"

பாத்திரம் இன்னும் உருண்டது.

"வாய தொறந்துகினு எம்மா நேரம் குந்திகினு இருக்கறது? ஈ பூந்துடப்போவுது."

அக்கா ஈரக் கையோடு வந்து அவர் முன்னால் குனிந்தாள். அவர் நாக்கைத் தூக்கிக் காட்டினார். இடது கன்னம், வலது கன்னம், நாக்குக்கு அடி எல்லாவற்றையும் எப்போதும்போல் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.